பிள்ளையாருக்கு முந்திய பாட்டு

எட்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் கட்டி, கடைசி ஒயரைப் பல்லால் சீவி முடித்ததும் லோகு சட்டைப்பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுக்கிறார். துடைக்கிறார், ஊதுகிறார், பென்சிலை நுழைத்துக் கடைசிப் பாட்டுக்குச் சுற்றுகிறார். கல்யாணமோ காதுகுத்தோ, ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரத்தில் லோகு மைக் செட் வைத்த இடத்தில் பிள்ளையாருக்கே இரண்டாவது சான்ஸ்தான். முதலில் பாடுகிறவர் ஓர் இங்கிலாந்துக்காரர். அவர் அழுகிறாரா, அவருக்கு ஜலதோஷமா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு.

"டெஸ்டிங் சார்" என்பார் லோகு. "நம்ம பாட்டுல பேஸு கிடாரு பின்னாடி ஒளிஞ்சிகினு கீது. இதுல மாப்ள கணக்கா முன்னாடி வந்து நிக்குது. பொட்டி கிழிஞ்சிருந்தா இதுலதான் தெரியும்."

பதினாறு வருடமாக இதே விளக்கம். பெட்டி எதுவும் கிழிந்ததாகத் தகவல் இல்லை.

கேசட் வந்தது 1988இல். லோகு தாம்பரத்தில் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்த்த காலம். அமெரிக்க மாணவன் ஒருவன் செட்டைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்காமலே விமானம் ஏறிவிட்டான். உள்ளே இந்தக் கேசட். பெயர் கிடையாது, ஊர் கிடையாது. கடைசிப் பாட்டு பாதி போகும்போதே டேப் தீர்ந்து 'டக்'கென்று நின்றுவிடும். லோகுவுக்கு உயிரான பாட்டு அதுதான். மீதி என்ன ஆயிற்று என்பது அவருடைய தீராத கவலை. ஆனால் அந்த 'டக்' வீணாகவில்லை. சமையல் மாஸ்டர் தட்சிணாமூர்த்தி அதைக் கேட்டுத்தான் முதல் வடையை எண்ணெயில் விடுவார். பிறகுதான் பிள்ளையார்.

போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். 'டக்' விழுந்த மறுநொடி, பட்டு வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி ஒருவர் ஓடி வந்தார். பெண்ணின் சித்தப்பா சுந்தரராமன். வளர்ந்தது அமெரிக்காவில், ஒஹையோவில்.

"இதைப் போட்டது யாரு?"

"டெஸ்டிங் சார்..."

"இது இங்கிலாந்து போஸ்ட்-பங்க் ராக் பாட்டு! எங்க ஹைஸ்கூல்ல இதைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். கறுப்புக் கோட்டு போட்டுண்டு போவேன், ஒருத்தனும் பக்கத்துல உக்கார மாட்டான்."

"இங்கயும் நான் ஒர்த்தன்தான் சார். உக்காருங்கோ." துண்டால் ஒரு பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார் லோகு. பிறகு மெதுவாக, "மீதி எப்புடி சார் போவுது?"

சுந்தரராமன் கண்ணை மூடிக்கொண்டு பாடியே காட்டினார். பக்கத்திலிருந்த நாதஸ்வரக்காரர் தன் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டார். லோகுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மீதி என்று ஒன்று இருப்பது மட்டும் உறுதியாயிற்று.

மூன்று வாரத்தில் ஒஹையோவிலிருந்து சுந்தரராமன் அனுப்பிய சிடி வந்தது, பாட்டு முழுசாக. லோகு அதை வீட்டில் போட்டுப் பார்க்கவில்லை. "இத்தினி வர்சம் காத்துகினு இருந்துட்டு டிவி பொட்டில கேட்டா பேஜாராப் பூடும் சார். எட்டு பொட்டி வோணும்."

நேற்று மாலை ராஜகீழ்ப்பாக்கம் மண்டபத்தில் எட்டுப் பெட்டியும் முழங்கின. மாஸ்டர் வழக்கம்போல வடையைத் தட்டி, எண்ணெய்க்கு மேலே கையை நிறுத்திக் காத்திருந்தார். 'டக்' விழவேண்டிய இடம் வந்தது. போயும்விட்டது.

"யோவ் லோகு! இன்னாய்யா நிக்கல? எண்ண பொகையுதுய்யா!"

லோகு கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை உயர்த்தி, மாஸ்டரை அப்படியே நிற்கச் சொன்னார். இடது கை வால்யூமை இன்னும் ஒரு சுற்று ஏற்றியது.