ஐஸ் பெட்டிக்குள் இன்சுலின்

என் நோயை முதலில் பிடித்தவர் வைத்தியர் அல்ல, கிண்ணியாத் துறையடிச் சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய். அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"இது மகன் கார்ட். உங்கட எங்க?"

எனக்கு வயது நாற்பத்திரண்டு. யுத்த காலத்தில் அட்டையிலுள்ள முகம் சொந்த முகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மனைவி தவமணி முன்னால் வந்தாள்.

"இவர்தான் ஐயா. அவசரப்பட்டுக் கிழவனாயிட்டார்."

சிப்பாய் சிரித்து, போகவிட்டார். தவமணி விடவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சலரோகம் (நீரிழிவு) என்றார்கள். கால் பெருவிரலில் வலியே இல்லாமல், ஆறாமல் கிடந்த புண்ணை, சப்பாத்து கடித்தது என்று நம்பியிருந்தேன். வைத்தியர் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"இரத்தத்தில சீனி கூடி நிண்டா, உயிரணுக்கள் வெள்ளண, வயசுக்கு முன்னமே, கிழடு தட்டிப்போகும். புண் மூட, புதுசாப் பிரியிற அணுக்கள் வேணும். உங்கட அணுக்கள் இப்பவே பென்ஷன் கேக்குது. சீனி குறையாட்டி விரலை எடுக்க வேண்டி வரும்."

இன்சுலின் (சீனியைக் குறைக்கும் ஊசிமருந்து) தந்து, குளிரான இடத்தில் வைக்கச் சொன்னார். மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். எனக்குத் தெரிந்த குளிரான இடம், நண்பன் நூர்தீனின் மீன்கடை ஐஸ் பெட்டி ஒன்றுதான்.

"யோசிக்காத மச்சான். நாலு நாள் கிடந்த கணவாயே என்ட பெட்டிக்க புதுசா இரிக்கும்."

காலையில் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போகும் வழியில் கடைக்குப் போவேன். நூர்தீன் போத்தலை உள்ளங்கையில் வைத்து உருட்டி இளக்கித் தருவான். நான் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வேன். மீன் வாங்க வந்தவர்கள் விலை பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கந்தோரில், மீன் வாடை வீசிய என்னிடம் பூனைகள் மட்டும் அன்பாக இருந்தன.

சீனி இறங்கவில்லை. புண்ணின் ஓரம் கறுத்தது. அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன். தவமணி சமையலை விட்டுவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்தை எங்க வைக்கிறனீங்கள்?" என்று வைத்தியர் கேட்டார்.

"பாரை மீனுக்கும் சூடை மீனுக்கும் நடுவில, டொக்டர்."

"உறைஞ்சு போகுதோ?"

"ஓம், கல்லு மாதிரி!" பெருமையாகத்தான் சொன்னேன்.

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உறைஞ்ச இன்சுலினும் பச்சைத் தண்ணியும் ஒண்டுதான். இவ்வளவு நாளும் தண்ணி போட்டிருக்கிறீங்கள்."

உங்களுக்கும் இந்த நோய் இருந்தால், குளிர் வேறு, உறைதல் வேறு என்பதை நினைவில் வையுங்கள். புது மருந்தை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் ஒரு சின்ன மண்முட்டியில் வைத்தோம். விஷயம் அறிந்த நூர்தீன் அழாக்குறையாக வந்து, மணலுக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான்.

புண் அவசரப்படவில்லை, மெல்ல மெல்லத்தான் மூடியது. பிறகு ஒருநாள் வைத்தியர், மரத்துக் கிடந்த அந்த விரலில் உணர்ச்சி வந்துவிட்டதா என்று குண்டூசியால் குத்தினார். "அம்மா!" என்று கத்தினேன். தவமணி கையெடுத்துக் கும்பிட்டாள். வலி அவ்வளவு இனிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எனக்கு நாற்பத்திரண்டுதான், ஆனால் என் கண்ணுக்கு அறுபது வயது, பல்லுக்கு அதற்கும் மேல். பெருவிரலில் உள்ள ரோசா நிறத் தோல் மட்டும் போன மாதம் பிறந்தது. கண், பல், விரல் எல்லோரும் ஒரே சோடிக் கால்களில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அதனால் மெதுவாக நடக்கிறேன், எங்களில் இளையவனுக்காக.