ஈரச்சீலை

திருகோணமலையில் கார் திருத்திக்கொண்டிருந்த காலம். கிண்ணியாவில் வாடகைக் கார் ஓட்டும் முஸ்லிம் நானா ஒருவர் வந்தார்.

"வெயிலுக்குக் கார் நிக்குது தம்பி. ஈரச்சீலை போட்டாத்தான் ஓடுது."

சூட்டில் பெற்றோல் ஆவியாகி அடைக்காமலிருக்க, வழக்கமாகப் பெற்றோல் பம்பில்தான் ஈரச்சீலை போடுவார்கள். பம்பை மாற்றி, "இனிச் சீலை தேவையில்லை" என்று அனுப்பினேன்.

மூன்றாம் நாள், பிரசவ வலியோடிருந்த தன் மனைவியை அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது, சீலை போடாத கார் நடுவழியில் நின்றது. குழந்தை இறந்தே பிறந்தது.

இழுத்துவந்த காரின் பொனட்டைத் திறந்தேன். கார் நின்றபிறகு அவர் நனைத்துப் போட்ட தலைத்துண்டு, இன்னும் ஈரமாக, இக்னிஷன் கொயிலில் சுற்றியிருந்தது. சூடேறினால் பொறி விடாத கொயில். மாற்றப் பத்து நிமிஷம் போதும்.

"எதுல சீலை போட்டனீங்கள் எண்டு நான் கேக்கேல்லையே, நானா."

"ஓம் தம்பி. நீங்க கேக்கல்ல."

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.