ரேடியேட்டருக்கு முன்னால் நின்றவர்

நம்பாதவர்கள் எங்கள் ஊர் மரிகீத்தாவுக்கு வாருங்கள். வண்டி என் கொட்டகையில்தான் நிற்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைப் பொய்க்காரி என்று சொல்லுங்கள்.

சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, திறந்த கூரை. என்னைவிட வயதான இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். பக்கத்து ஊரான ஓந்தாவில் லிகியா அம்மா என்ற விதவையிடம் வாங்கினேன். எங்கள் ஊரிலிருந்து லெத்ராஸ் கணவாய்க்கு வருடா வருடம் பழைய வண்டிகள் போட்டி போட்டு மலையேறும். என் வண்டி மட்டும் பாதி வழியில் கொதித்துப் படுத்துவிடும்.

"அம்பாரோ, காப்பித்தூள் எடுத்துக்கிட்டியா? வெந்நீர்தான் உன் வண்டியிலேயே இருக்கே!" என்று பெட்ரோல் பங்க் கொன்சாலோ எல்லார் முன்னாலும் கத்துவான்.

"இந்த வருஷம் உன்னை முந்திக்கிட்டுப் போறேன் பாரு" என்றேன்.

கோளாறு ஃபேனில்தான். அந்தக் காலத்து இரும்பு ஃபேன், பெல்ட் மூலம் எஞ்சினோடு சுற்றுவது. வண்டி மெதுவாக ஏறினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். அதைக் கழற்றி எறிந்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் மின்சார ஃபேன் ஒன்றை நானும் தம்பி எவெலியோவும் பொருத்தினோம். சூடு ஏறினால் தானாகவே முழு வேகத்தில் சுற்றும். கொட்டகையில் சோதித்தபோது விர்ரென்று சுற்றியது. கடைசி போல்ட்டுகளை முறுக்குவதை எவெலியோவிடம் விட்டுவிட்டு நான் சாப்பிடப் போனேன்.

மறுநாள் மதியம், சோதித்துப் பார்க்கத் தனியாக மலையேறினேன்.

பாதி மலையில் மூடுபனி இறங்கியது. பட்டப்பகல். ஆனாலும் பானெட் நுனி தெரியவில்லை. வெப்பமுள் சிவப்பை நெருங்கியது. ஃபேன் சுற்றட்டும் என்று காத்திருந்தேன்.

சத்தம் வந்தது.

ஆனால் விர்ரென்று இல்லை.

பட்... பட்... பட்...

யாரோ தொப்பியால் விசிறுவது போல.

முள் இறங்கத் தொடங்கியது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் கழுத்து மயிர் சிலிர்த்தது. வேகம் கூட்டினேன்.

பட்பட்பட்பட்...

அதுவும் கூடியது. வண்டிக்கு முன்னாலேயே, ஒரே தூரத்தில்.

வளைவில் லாரிக்காரர்கள் வைத்திருக்கும் மாதா சிலையின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அங்கே சத்தம் நின்றது.

டொக். டொக்.

பானெட்டில் தட்டும் சத்தம். நிறுத்தச் சொல்லி ஆள் தட்டுவார்களே, அப்படி.

கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. கொன்சாலோவின் இளிப்பு நினைவுக்கு வந்தது. ஆத்திரம் பொங்கியது.

"யாரா இருந்தாலும் சரி! விசிறணும்னா விசிறு. நான் நிக்க மாட்டேன்!"

மிதித்தேன்.

டொக் டொக் டொக்...

மிதித்தேன்.

பனி கிழிந்தது. வெயில். கணவாய். முள் நடுவில் நின்றது.

என்னிடம் வந்தபின் அதுவரை அந்த வண்டி அங்கே ஏறியதே இல்லை. சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தேன்.

ஃபேனின் இறக்கை முன்பக்கக் கம்பியோடு பச்சைக் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. ஃபியூஸ் கருகியிருந்தது.

ஃபேன் சுற்றவே இல்லை.

ரேடியேட்டரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது...

இறக்கத்தில் ஃபேன் தேவையில்லை. எங்கும் நிற்காமல் வீடு சேர்ந்தேன். வண்டியின் முகம் கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி நிறுத்தினேன். தரை அங்கே வாசலை நோக்கிச் சரிந்திருக்கும்.

"ஐயோ அக்கா! போல்ட் முறுக்கும்போது கையை வெட்டிடக் கூடாதுன்னு கட்டினேன். அவிழ்க்க மறந்தே போச்சு" என்று எவெலியோ தலையில் அடித்துக்கொண்டு கத்தியைத் தேடினான்.

நான் லிகியா அம்மாவுக்கு போன் போட்டேன். விசிறும் சத்தத்தையும் மாதா வளைவில் தட்டியதையும் சொன்னேன்.

"நிறுத்தினியா, மகளே?"

"இல்லம்மா."

"மாதா காப்பாத்தினா. வண்டி கொதிச்சா என் வீட்டுக்காரர் அந்த வளைவுலதான் நிறுத்துவார். முன்னால நின்னு தொப்பியால விசிறுவார். ஒருநாள் வண்டி அவர் மேலயே ஏறிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அவரோட தம்பி வண்டியை எடுத்துட்டுப் போனார். என்ன சத்தம்னு பார்க்க அதே இடத்துல இறங்கினார். அவரையும் முன்சக்கரத்துக்கு அடியிலதான் எடுத்தாங்க."

"ஹேண்ட்பிரேக் பிடிக்கலையா?"

"ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் இருந்துச்சு. எஞ்சினும் அணைஞ்சு கிடந்துச்சு." குரல் தாழ்ந்தது. "மேடு பார்த்து நின்ன வண்டிம்மா. உருண்டா பின்னாலதானே போகணும்? அது... முன்னால போயிருக்கு."

திரும்பினேன்.

எவெலியோ வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் குனிந்து கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான்.

"வெளிய வாடா!"

"என்னக்கா?"

பாய்ந்து இருக்கையில் ஏறினேன். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன்.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

பிரேக் மிதி என் காலை மெல்ல... மெல்ல... மேலே தள்ளியது.

"தள்ளு பார்க்கலாம்" என்றேன்.

காலை எடுக்கவில்லை, தம்பி வெளியே வரும் வரை.