கதிரவெளியிலிருந்து படகு கொண்டுவருதல்

பங்குனி பிறந்துவிட்டதால் கதிரவெளிக் கடல் அமைதியாகக் கிடக்கிறது. நாங்கள் வாங்கிய பைபர் படகைக் கடல்வழியே மட்டக்களப்புக்குக் கொண்டுபோக வேண்டும். என் மனைவி சுதா மட்டக்களப்பு வாவியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் படகு ஓட்டுபவள். கடலில் ஓட்டப்போவது இதுதான் முதல் தடவை.

படகை விற்ற அந்தோணி அண்ணன் பெற்றோல் கேனை ஏற்றியபடி என்னிடம் கேட்கிறார்.

“தம்பி, நீங்கதானே ஓட்டப்போறது?”

“இல்லண்ண, சுதாதான். நான் உள்ளுக்கு வாற தண்ணிய இறைக்க.”

அவர் சுதாவின் பக்கம் திரும்புகிறார். “அப்ப வெளிக்கிடுங்க தங்கச்சி. பின்னேரம் ஊருக்குப் போயிரலாம்.”

சுதா எஞ்சினைப் பார்த்து முடித்து, அதன் மூடியைப் போட்டுவிட்டு நிமிர்கிறாள். “போயிரலாம் அண்ண. ஆனா வாவி கடலோட சேருற முகத்துவாரத்துக்கு நாங்க போறதுக்குள்ள காத்து எழும்பிரும். அந்த வாயில அலை உடையக்க புதுப் படகோட நுழைய ஏலாது. இண்டைக்கு வழியில வாழைச்சேனையில நிண்டு, நாளைக்கு விடியப் போறம்.”

எங்களை வரவேற்க இன்று பின்னேரம் உறவினர் எல்லாரும் வாவிக்கரைக்கு வருவார்கள். அது தெரிந்துதான் சொல்கிறாள்.

அண்ணன் கேனைக் கட்டிவிட்டுத் தலையாட்டுகிறார். “ஓம் தங்கச்சி, அதுதான் சரி. அந்த வாயில நானும் ஒருக்காக் கவிழ்ந்தனான்.”

சுதாவின் அப்பாவுக்கு நான் தொலைபேசி எடுத்து, நாளைக்குத்தான் வருவோம் என்கிறேன். ஏன் இன்றைக்கே வரவில்லை என்று கேட்கிறார்.

“கப்டன் நாளைக்கெண்டு சொல்லிட்டா மாமா,” என்கிறேன். கரையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்கிறேன்.