ஏன் காலி பண்றீங்க?

பீரோவின் அடிப்பக்கம் முதுகில் ஏறி, மேல்பக்கத்தைக் கூட்டாளி பிடித்துக்கொண்டு, ஆறாவது மாடியிலிருந்து முதல் திருப்பம் திரும்பும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். "ஏன் சார் காலி பண்றீங்க?" என்று மூச்சு வாங்காமல் கேட்பார். பின்னால் பூந்தொட்டியை அணைத்துக்கொண்டு இறங்கிவரும் வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார். ஆபீஸ் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது என்பார். இவர் "சரிங்க" என்று இன்னும் எட்டுப் படி இறங்குவார். இரண்டாவது மாடி வருவதற்குள் வேறொரு காரணம் வெளியே வந்துவிடும்.

"முதல் திருப்பத்துல சொல்றது ஊருக்கு. அப்புறம் சொல்றதுதான் நெசம்," என்பார். "பொருளத் தூக்கிட்டுப் போறவனுக்கு மூஞ்சி கிடையாது பாருங்க. முதுகுகிட்ட பேசறது ஜனங்களுக்கு லேசா இருக்கு."

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சுமை தூக்குகிறார். பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஒடிசலான உடம்பு, கழுத்து மட்டும் தடிமன். சாமானில் கீறல் விழும் என்று இடுப்பில் பெல்ட் கட்டமாட்டார், கையில் கடிகாரம் கட்டமாட்டார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏனண்ணன்'. "ஏனண்ணன் வந்தாச்சா?" என்றுதான் காலையில் லாரியில் ஏறுவதற்கு முன் விசாரிப்பார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் வீடு மாற்றியபோது எனக்கு அறிமுகமானார். முதல் திருப்பத்தில் ஒன்றும் மூன்றாவது திருப்பத்தில் இன்னொன்றும் நானும்தான் சொன்னேன். அந்த இரண்டாவது காரணத்தை இங்கே எழுதுவதாக இல்லை.

இருபத்திரண்டு வருடத்துக் காரணங்களும் அவரிடம் அப்படியே இருக்கின்றன. நகரத்தில் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும் ஒரு காரணம் சொல்வார். "அந்த மஞ்சள் பில்டிங்கா? எதிர்ல புதுசா கட்டினாங்க, வெயில் நின்னுபோச்சு. ஒரு அம்மா மூணு நாளா துணி காயலன்னு அழுதாங்க." "இதுல மேல் வீட்டுப் புள்ள விடியக்காலையில மூணு சக்கர சைக்கிள் ஓட்டும்." "அதோ அந்த நாலாவது மாடில சமையக்கட்டுல ரெண்டு பேர் சேர்ந்து நிக்க முடியாது. ஒருத்தர் உள்ள வந்தா இன்னொருத்தர் ஹாலுக்குப் போகணும். அந்தாளு ஹாலுக்குப் போயி, அப்படியே வாசலுக்குப் போயி, ஒரேயடியா போயிட்டாரு."

வீட்டுக்குள் போனதும் அவர் முதலில் பார்ப்பது கதவின் நிலையை. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை விரலால் தடவிக்கொண்டே போவார். மரத்தில் பதிந்த ஒவ்வொரு உரசலும் அவருக்கு ஒரு குடும்பம். "இதுல ஏழு பீரோ உரசியிருக்கு. பெயிண்டுக்கு வயசு அஞ்சு. யாரும் ஒரு வருஷம்கூட இருக்கல." ஒரு முறை காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில், டாக்டரின் பெரிய மேசையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "இது இந்தக் கதவு வழியா வந்திருக்காதே சார், ஜன்னலக் கழட்டினீங்களா?" என்றாராம். டாக்டருக்கே அது தெரியாது. அன்று சாயங்காலம் போன் செய்து, ஆமாம், ஜன்னலைத்தான் கழற்றியிருக்கிறார்கள் என்று சொன்னாராம்.

இப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு வாடகை வீடு தேட வேண்டிவந்தது.

குடும்பம் மூன்றே பேர். மனைவிக்கு ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. ஒரே மகள், நகரத்தின் நடுவிலிருக்கும் பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். வீடோ ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனில். ஒரு ரயில், ஒரு பஸ், கொஞ்ச தூரம் நடை. அவள் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். ரயிலில் தூங்கிவிடுவாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் விழித்துத் திரும்பி வருவாள். எட்டு மணிக்கு மேல் வந்தால் அன்றைக்கு அவள் வராத கணக்கு. அப்படி ஆறு நாள் போய்விட்டது. பத்தானால் அந்த வருடமே போய்விடும்.

ஊருக்குள் வீடு வேண்டும். ஊருக்குள் வீடென்றால் இரண்டு சம்பளத்தில் ஒன்றை அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டும். கணவனும் மனைவியும் அதற்குத் தயாராகத்தான் இருந்தார்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். ஏனண்ணன் தனக்கு எப்படி வீடு பார்ப்பார் என்று பார்க்கும் ஆசையில் நானும் போனேன்.

புரோக்கர் ஒரு நடுவயதுப் பெண்மணி. சாவிக்கொத்தைக் காட்டி, "இந்த வாடகைக்கு இந்த ஏரியாவுல வீடுன்னு ஒண்ணு இருக்கறதே பெருசு" என்று தொடங்குவார். இவர் பணிவாக, "நீங்க எதுவும் சொல்ல வேணாம்மா, வீடே சொல்லும்" என்று நிலையைத் தடவப் போய்விடுவார். முதல் வீட்டில் எட்டு உரசல். இரண்டாவது வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே பக்கத்துக் கடையின் புகைபோக்கி. மூன்றாவது வீடு எனக்குப் பிடித்திருந்தது. அவர் மட்டும் குளியலறைக் குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "காலையில ஏழு மணிக்கு வந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். மறுநாள் ஏழு மணிக்குப் போனோம். குழாயில் காற்றுதான் வந்தது. அன்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அவர் மனைவி கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

ஐந்து வாரத்தில் ஒன்பது வீடு பார்த்தோம். ஒன்பதாவது வீட்டில் குழாய் நன்றாக வந்தது. வெயில் வந்தது. நிலையில் இரண்டே உரசல். மனைவி உள்ளறையில் நின்று, கட்டில் எங்கே, மகளின் மேசை எங்கே என்று கையாலேயே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் முகத்தில் நிம்மதி இல்லை.

"இவ்வளவு நல்ல வீட்ட ஏம்மா காலி பண்ணாங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க. வேணும்னா அவங்க நம்பர் தரேன், நீங்களே கேட்டுக்குங்க," என்றார் புரோக்கர்.

போன் அடித்தார். எடுக்கவில்லை. அரைமணி நேரம் காத்திருந்து மறுபடி அடித்தார். அதற்குள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளம் ஜோடி வந்தது. ஹாலில் நின்றபடியே ஒருமுறை சுற்றிப் பார்த்தது. போனிலேயே முன்பணம் அனுப்பிவிட்டது. நாங்கள் படியிறங்கும்போது இவருக்குப் போன் வந்தது. பழைய குடித்தனக்காரர்தான். அவருக்கு வெளியூருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். அவ்வளவுதான் காரணம்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அவர் மனைவி முன்னாலிருந்த காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சத்தமே போடாமல் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு இந்த ஊர்ல எந்த வீடும் புடிக்காதுங்க."

"அப்படி இல்ல. ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு..."

"நீங்க பாத்ததெல்லாம் கெளம்பிப் போற வீடு. கெளம்பற அன்னைக்கு எந்த வீடு நல்லா இருக்கும்? சுவத்துல ஆணி, மூலையில ஒட்டடை, ஆளாளுக்கு ஒரு கோவம். அதையே இருபது வருஷமா பாத்துட்டு வீடுன்னாலே இதுதான்னு நெனச்சுட்டீங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நாம இருக்கற வீட்டுல என்ன குறை இல்ல சொல்லுங்க. மழை வந்தா கட்டில நகத்தறோம். சமையக்கட்டுல எலி. பதினாறு வருஷம் இருக்கலயா? ஏன் காலி பண்றீங்கன்னு ஊரையே கேக்கறீங்களே, ஏன் இருக்கீங்கன்னு ஒருத்தரையாவது கேட்டதுண்டா?"

அவர் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "கேட்டதில்ல சார்," என்றார், ஏதோ நான் கேட்ட மாதிரி.

அந்த வாரத்தில் மகளுக்கு இன்னும் இரண்டு நாள் போய்விட்டது. அவள் வீட்டில் யாரையும் கேட்காமல், கூடப் படிக்கும் தோழியின் அறையில் தரையில் படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். மூன்றாம் நாள் அவர் அந்த அறைக்குப் போய்ப் பார்த்தார். நான்கு கட்டில்கள், நடுவே ஒரு பாய் அளவு இடம். "என் பொண்ண சாமான் இறக்கி வெச்ச மாதிரி ஓரமா வெச்சிருக்காங்க சார்," என்று என்னிடம் போனில் சொன்னார். உடனே போனை வைத்துவிட்டார்.

பத்தாவது வீடு ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு அறை, அறை என்று சொல்லிக்கொள்ளும்படி இன்னொன்று. சமையல் மேடை நடைபாதையிலேயே இருந்தது. குளியலறைக் கதவு முக்கால்வாசிதான் மூடும். பின்பக்கம் ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி கூடவே பேசும். ஆனால் மருத்துவமனைக்கு இருபது நிமிட நடைதான். அவர் வழக்கம்போலச் சுற்றி வந்து, "ஏழு குறை இருக்கு," என்றார். மனைவி, "ஏழுதானே," என்றார்.

இவர் சட்டென்று வெளியே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் பின்னால் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி ஒருவர் திறந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏன் இங்க இருக்கீங்க?"

கதவைத் திறந்தவர் விழித்தார். வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய ஆளோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. நான் விளக்கினேன். "ஓ, அதுவா. மாத்தணும்னுதாங்க இருக்கேன். பதினாலு வருஷமா," என்றார்.

இரண்டாவது மாடியில் ஒரு தையல்காரம்மா. வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு யோசித்தார். "எங்க ஜன்னல்ல நின்னா பஸ் திருப்பத்துல வர்றது தெரியும். பாத்துட்டு இறங்கினா சரியா இருக்கும். நான் பஸ்ஸுக்குன்னு ரோட்டுல நின்னதே இல்ல."

"அதுக்காகவா இருக்கீங்க?"

"அதுக்காகன்னு இல்ல. வேற வீட்டுக்குப் போனா நிக்கணுமில்ல?"

கீழ்வீட்டில் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். கதவில் சாய்ந்துகொண்டு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். "ஏன்னு நான் யோசிச்சதில்லையே. யோசிச்சா போயிடுவேனோ என்னவோ," என்று சிரித்தார். பிறகு, "மேல வர்றது நீங்களா? குளியலறைக் கதவக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சு தள்ளுங்க, முழுசா மூடும்," என்றார்.

ஏனண்ணனின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சுவாரசியம். பக்கத்துக் கட்டடத்திலும் போய்க் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மனைவி சமையல் மேடைமேல் ஒப்பந்தத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். "சாரை ஒருவாட்டி படிச்சுப் பாத்துடச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட்டாச்சு. பணமும் குடுத்தாச்சு."

"நான் இன்னும் பாத்து முடிக்கலயே?"

"நான் பாத்து முடிச்சுட்டேன்."

அவர் குளியலறைக்குப் போய்க் கதவைத் தூக்கிப் பிடித்துத் தள்ளினார். முழுசாக மூடியது. உள்ளேயிருந்தே, "சரி," என்றார்.

மகளுக்குப் போன் போட்டார்கள். வீடு எப்படி, எத்தனை அறை, வெளிச்சம் வருமா என்று அவள் எதையுமே கேட்கவில்லை. "காலையில எத்தனை மணிக்கு எழுந்தா போதும்பா?"

"ஏழு. ஏழு போதும்மா."

"ஏழா?" என்று மறுபடி கேட்டாள். அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றினார்கள். கம்பெனி லாரியை ஒருநாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு நான்கு கூட்டாளிகளும் வந்திருந்தார்கள். பதினாறு வருடச் சாமான் முக்கால் மணி நேரத்தில் ஏறிவிட்டது. லாரியில் பாதி காலியாக இருந்ததைக் கண்டு, "இவ்வளவுதானா நாம?" என்றார். இங்கே வந்து இறக்கும்போது மனைவி உள்ளே நின்று, அதை இங்கே, இதை அங்கே என்று சொல்லச் சொல்ல, மற்றவர்களைப் போலவே அவரும், "சரிங்க, வெச்சாச்சுங்க" என்றார். அவர் கேலிக்குச் சொல்லவில்லை. வேலை நேரத்தில் நாக்குக்கு வருவது அதுதான். கூட்டாளிகள்தான் சிரித்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஐந்து பேரும் படிக்கட்டு ஓரமாக வரிசையாக நின்றார்கள். மகள் தட்டில் டீ கொண்டுவந்தாள். ஆளுக்கொன்று எடுத்து நின்றபடியே குடித்தார்கள். தம்ளர்களைத் தட்டில் திருப்பி வைத்தார்கள். "வரோம் அண்ணி," என்று நால்வரும் இறங்க, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் இறங்கினார்.

"அப்பா, எங்க போறீங்க?" என்றாள் மகள், கதவருகிலிருந்து.

அவர் திருப்பத்தில் நின்றார். மேலே பார்த்தார். கீழே கூட்டாளிகளின் பேச்சும் செருப்புச் சத்தமும் இறங்கிக்கொண்டே போயின. தோளிலிருந்த கயிற்றைக் கழற்றி, நிதானமாகச் சுருட்டி, கைப்பிடிக்கு வெளியே நீட்டி, "டேய், புடிங்கடா" என்று கீழே போட்டார்.