காய்ந்த முடியில் சீப்பு வைக்காதீங்க

முப்பது வயது வரை என் சுருட்டை முடியோடு சண்டை போட்டேன். எண்ணெய் வழியத் தடவி, இழுத்து வாரி, இறுக்கிப் பின்னுவேன். லாஸ்பேட்டை ஆபீசில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் பாதி முடி பிரிந்து முகத்தைச் சுற்றிப் பறக்கும்.

கொழுந்தனார் கல்யாணத்துக்காக என் நாத்தனார் பிரான்சிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் சுருட்டைதான். ஆனால் அது அழகாகச் சுருண்டு தோளில் கிடந்தது. அதுவரை போனில் நலம் விசாரித்ததோடு சரி, நாங்கள் மனம்விட்டுப் பேசியதில்லை.

கல்யாணத்தன்று காலையில் நான் சீப்போடு போராடுவதைப் பார்த்தாள். "அண்ணி, காஞ்ச முடியில சீப்பு வைக்காதீங்க. வாங்க," என்று குளியலறைக்கு அழைத்துப்போனாள். தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, விரல்களாலேயே சிக்கெடுத்தாள். துண்டால் தேய்க்காமல், என் கணவரின் பழைய பனியனால் முடியை அள்ளி அள்ளி ஈரத்தை ஒற்றினாள்.

"காயற வரைக்கும் தொடாதீங்க. பள்ளிக்கூடத்துல என்னைக் கூடுகட்டின தலைன்னுதான் கூப்பிடுவாங்க," என்றாள்.

"என்னைப் புதர்னு சொன்னாங்க," என்றேன். இருவரும் சிரித்துத் தீர்த்தோம்.

முன்முடியை மட்டும் பின்னால் கிளிப் போட்டு, மல்லிகை வைத்துக்கொண்டு முதலியார்பேட்டை மண்டபத்துக்குள் நிமிர்ந்து நடந்தேன். தலையை விரித்துப்போட்டு வந்ததற்கு மாமியார் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு தன் கொண்டையைத் தொட்டுக்கொண்டு எங்கள் இருவரிடமும் கேட்டார்:

"சாயந்திரம் ரிசப்ஷனுக்கு எனக்கும் இப்படிப் பண்ணிவிடறீங்களா?"