மடியில் உப்பு, வாயில் நல்ல சொல்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். துறையூர்ப் பக்கம் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். பாதி மறந்தும் போச்சு. கலியாணமாகி இலங்கையில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில், குளிரைவிட எனக்கு விசித்திரமாகப் பட்டது ஒன்று உண்டு. கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்கள், சாப்பிடுகிற குழந்தையைப் பார்த்தால் "நல்லா சாப்பிடுதே" என்று அதன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஊரில் அப்படி யாரும் வாய்விட மாட்டோம். கண்ணூறு, திருஷ்டி விழுந்துவிடும். வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் பிள்ளைக்கு ஊட்டுவோம். யாராவது வந்தால் தட்டை முந்தானையால் மூடுவோம். தகரப் பெட்டியோடு அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் கப்பலேறினேன். எங்கள் மூத்தவன் ஒருநாள், தோட்டத்தில் நாங்கள் வரிசைவீடாகக் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்து, ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றான். பெற்ற நானே வாய்தவறி, "எம்புள்ள எப்பிடித் தின்னுது பாருங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

அவனுக்கு அப்புறம் பிறந்தவள் செல்வி. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு எல்லாரும் காத்திருந்த காலம். அவளுக்கு நாலு வயது. பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில் இருந்த ராக்கம்மா அக்கா தினமும் கேட்பாள்.

"என்ன தங்கச்சி, புள்ளைக்குக் காத்துதான் கஞ்சியா?"

"என்னத்தச் சொல்ல அக்கா. பச்சத்தண்ணி எறங்க மாட்டேங்குது. சனியன் எதையுமே தின்னாது."

கண்ணூறு படாமல் காக்கத்தான் சொன்னேன். ஆரம்பத்தில் அது பொய். நன்றாகவே தின்பாள். வரவர அது மெய்யாகிக்கொண்டு வந்தது. காயைத் தொட மாட்டாள். ரொட்டியை வாயில் அடக்கிவைத்து, நான் திரும்பியதும் துப்புவாள். "தின்னலேன்னா ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டினால் வாய் இன்னும் இறுகும். தோட்டத்து மருந்துக்காரர் ஐயா அவளை நிறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாசமும் முள் ஏறவில்லை என்றால் நுவரெலியா ஆஸ்பத்திரியில்தான் விட வேண்டும் என்றார். என்னையும் கூட வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லையென்று. ஒன்றைப் பறிகொடுத்தவளுக்கு அந்த ஒரு மாசம் எப்படிப் போயிருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்க் கிராமத்து மெனிக்கே கேரட், பீட்ரூட் விற்க லயத்துக்கு வந்தாள். ஒரு கேரட்டைத் துடைத்துச் செல்வியிடம் கொடுத்தாள். செல்வி அதை வாங்கிக் கடித்தாள். மெனிக்கே கைதட்டினாள்.

"ஷா, துவ நல்லா சாப்புடுறது!" துவ என்றால் அவர்கள் பாஷையில் மகள்.

கேரட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். வெளியே மெனிக்கேயின் குரல் கம்மியது. "ஏன் நங்கி? நான் கெட்டது சொன்னதா?" நங்கி என்றால் தங்கச்சி.

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட அடுப்பங்கரைக்குப் போனேன். திரும்பி வந்தால், செல்வி ஒரு விறகுக்குச்சிக்குத் துணி சுற்றி மடியில் வைத்திருக்கிறாள். அதற்குச் சோறு ஊட்டுகிறாள். குச்சியின் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, அச்சாக என் குரலிலேயே சொன்னாள்: "என்னத்தச் சொல்ல அக்கா. எம்புள்ள எதையுமே தின்னாது." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. அம்மா ஊரெல்லாம் சொல்கிற பிள்ளையாக இருப்பதில் அவளுக்கு ஒரு நிறைவு.

கண்ணூறுக்கென்று நான் சொன்னதையெல்லாம் அவள் நம்பித் தின்னாமல் இருந்திருக்கிறாள். கையிலிருந்த உப்பை அப்படியே மடியில் செருகிக்கொண்டு வெளியே ஓடினேன். மெனிக்கே படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கே, நில்லுங்க! இன்னொண்ணு குடுங்க!"

அவள் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என் பின்னாலேயே வந்திருந்த செல்வி அதை வாங்கி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓரத்தைக் கடித்தாள். மூத்தவனின் இரண்டு கையும் அந்த ரொட்டியும் கண்ணில் நின்றன. மடியிலிருந்த உப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"செல்வி கேரட்டு தின்னுறா. நல்லாக் கடிக்கிறா."

"அடியே, தூத்தூன்னு துப்புடி!" என்று ராக்கம்மா அக்கா பதறினாள். செல்வி இன்னொரு கடி கடித்தாள்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்முன் மூன்று தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாலும் காது, பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராப் பக்கமே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து ஊசிப் பேச்சை விட்டேன். இரண்டு காயைக் காட்டி "எது வேணும் ஒனக்கு?" என்று கேட்பேன். ஒரு வாய் தின்றாலும் அந்த ஒரு வாயைத்தான் சொல்வேன். துப்பிய நாளும் உண்டு. அதைப் பற்றிப் பேசமாட்டேன். மாசம் முடிந்து நிறுத்தபோது முள் ஏதோ கொஞ்சம்தான் நகர்ந்தது. மருந்துக்காரர் ஐயா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத எடுத்த பேனாவை மூடிவைத்தார்.

மெனிக்கேயின் பேச்சை என் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறேன், சிங்களம் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். செல்வி கலியாணமாகி இந்தியாவுக்குப் போய்விட்டாள், இப்போது துறையூரில்தான் இருக்கிறாள். நான் இன்னும் இங்கேதான். இங்கே, செல்விக்குப் பிறகு பிறந்த மகன் வீட்டுப் பேரப்பிள்ளைகள் தின்னும்போது வாய் "நல்லாத் தின்னுறியே" என்கிறது, கை மடியில் உப்பைத் தேடுகிறது. அன்றைக்கு நான் பிடித்திருந்த உப்பைச் செல்வி பார்த்துவிட்டாளா என்று இந்நாள்வரை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதுங்கள்.